மாப்பிள்ளை வீடு பார்க்க வந்த தூக்கணாங்குருவி

ஆவணி கடைசி ஞாயிற்றுக்கிழமை வாடிப்பட்டிக்குப் போய் வந்தேன். சிம்மக்கல் காகிதக் கடையில் வாரம் ஆறு நாள் நின்றே வேலை பார்ப்பவன், ஏழாவது நாள் ஒரு கிணற்று மேட்டில் போய் நின்றேன் என்றால் வீட்டில் சிரிக்கத்தான் செய்வார்கள். வாடிப்பட்டிக்கு மேற்கே வாழை போட்டிருக்கும் பாண்டி என்பவர், என் பழைய பதிவைப் படித்துவிட்டுத் தன் கருவேல மரத்தில் தொங்கும் தூக்கணாங்குருவிக் கூடுகளைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். அதைப் பார்த்த பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

எங்கள் வில்லாபுரத்தில் காலை 5.10க்கு டவுன் பஸ். ஆரப்பாளையத்தில் திண்டுக்கல் வண்டி மாறி, 6.35க்கு வாடிப்பட்டி, எனக்கு டிக்கெட் இருபத்தைந்து ரூபாய். அங்கிருந்து ஆறு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 120. ஏழு மணிக்குக் கிணற்று மேட்டில் இருந்தேன்.

மரம் கிணற்றின் மேல் சாய்ந்திருக்கிறது. கீழே நீளமாகக் குழாய் வைத்த, முடிந்த கூடுகள் ஒன்பது. தலைக்கவசம் போலப் பாதியில் நிற்பவை பதினொன்று. பாதிக் கூடு ஒவ்வொன்றிலும் மஞ்சள் தலையோடு ஓர் ஆண். சாம்பலும் பழுப்புமாய், அலங்காரம் எதுவும் இல்லாத ஒரு பெண் குருவி வந்து உட்கார்ந்ததுதான் தாமதம், பதினொரு ஆண்களும் தலைகீழாகத் தொங்கி, சிறகடித்து, தொண்டை கிழியக் கத்தினார்கள். அவள் ஒரு கூட்டுக்குள் நுழைந்தாள். நாரை அலகால் இழுத்துப் பார்த்தாள். வெளியே வந்துவிட்டாள். அடுத்த கூட்டிலும் அதே கதை. நான்கு பேருக்கு அப்படி. ஐந்தாவது கூட்டில் வெகுநேரம் இருந்தாள். அந்த மஞ்சள் தலை, அந்த நெசவு எல்லாமே, இப்படிப்பட்ட பெண் குருவிகள் லட்சக்கணக்கான ஆண்டுகளாகப் பொறுக்கிப் பொறுக்கி எடுத்ததால் வந்தவை. மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டேன்.

பக்கத்து அவரைக் கொடியில் அசுவினி மொய்த்திருந்தது. அதைப் பாண்டியிடம் காட்டி, இந்தப் பூச்சிக்கு ஆணே வேண்டாம், தாய் தானாகவே மகள்களைப் பெற்றுத் தள்ளும் என்றேன்.

பாண்டி கேட்டார். "அப்ப ஆம்பளையே தண்டந்தானாண்ணே?"

அவர் வாழையையே பதிலாகக் காட்டினேன். கன்று எல்லாம் தாயின் நகல். வாடல் நோய் ஒன்றைப் பிடித்தால் தோப்பையே பிடிக்கும். தாயும் தகப்பனும் கலந்தால் பிள்ளைகள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. நோய் வந்தாலும் சிலது தப்பும். அதற்காகத்தான் இந்தக் கூத்து அத்தனையும் என்று ஒரு கணிப்பு. முன்பு ஒரு தோப்பையே வாடலுக்குக் கொடுத்தவர் பாண்டி. தலையாட்டினார்.

அப்போது அவருடைய அக்கா வீட்டுக்காரர் தொரட்டியோடு வந்தார். பாண்டிக்கு முப்பத்துநாலு வயது. விவசாயம் என்ற ஒரே காரணத்துக்காக இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. மூன்றாவது இடத்துப் பெண் வீட்டார் அன்று பத்தரைக்கு வீடு பார்க்க வருகிறார்கள். புரட்டாசி பிறப்பதற்குள் முடிவு தெரிய வேண்டும். வருகிறவர்கள் கண்ணில் பாதியில் நின்ற வீடு படக்கூடாதாம். முழுக் கூடுகளை விட்டுவிட்டுப் பாதிக் கூடுகளை மட்டும் இழுத்துப்போட வந்திருந்தார்.

பதறிப்போய்த் தடுத்தேன். பெண் குருவி பார்க்க வருவதே அந்தப் பாதியைத்தான். அவளுக்குப் பிடித்தால்தான் ஆண் மீதியைக் கட்டுவான் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பாண்டி எழுந்து போய்த் தொரட்டியை வாங்கினார்.

"விடு மச்சான். நம்ம வீட்டப் பாக்க வாரவுகளுக்காக, அதுக வீட்டப் பாக்க வாரதக் கெடுக்க வேணாம்."

பத்தரைக்கு வேன் வந்தது. நான் மேட்டிலேயே ஒதுங்கிக்கொண்டேன். வீட்டின் பின்பக்கம் கிணற்றைப் பார்த்து இருந்ததால் அங்கே நடந்ததெல்லாம் தெரிந்தது. வழக்கமாகப் பெரியவர்கள் மட்டும் வருவார்கள். இங்கே பெண்ணும் வந்திருந்தார். தேன்மொழி, கண் மருத்துவமனை ஒன்றில் வேலை. பெரியவர்கள் தண்ணீரைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்க, அவர் குழாயைத் திறந்து பார்த்தார், குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தார். பின்னால் பூசாமல் கூரையில்லாமல் ஓர் அறை பாதியில் நின்றது. அதற்குள்ளும் போய் நின்றார். மச்சான் முகம் செத்துவிட்டது.

பிறகு கிணற்றுப் பக்கம் வந்து, ஏன் இந்தக் கூடெல்லாம் பாதியில் நிற்கிறது என்று பாண்டியிடம் கேட்டார்.

"பாதிதேங்க கட்டும். பொட்டைக்குருவி வந்து பாத்து, பிடிச்சாத்தேன் மீதி."

தேன்மொழி கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று சொல்லிவிட்டுப் பெரியவர்கள் வேனில் ஏறினார்கள். முந்தைய இரண்டு இடத்திலும் இதையேதான் சொன்னார்களாம். பாண்டி அன்று சாப்பிடவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: மழைக்காலத்தை ஒட்டிய மாதங்களில், ஏழிலிருந்து ஒன்பது மணிக்குள் போங்கள். தோட்டக்காரரிடம் கேட்டுவிட்டு நுழையுங்கள். இருபதடி தள்ளி நில்லுங்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகள் உண்டு, அண்ணாந்தபடி நடக்காதீர்கள். எந்தக் கூட்டையும், குறிப்பாகப் பாதிக் கூட்டை, தொடாதீர்கள். ஆணின் அழகை மட்டும் படம் பிடித்துத் திரும்பிவிடாமல் பெண்ணையும் பாருங்கள். முடிவு அவள் கையில் இருக்கிறது.

புதன்கிழமை மதியம் கடையில் இருந்தபோது பாண்டி போன் செய்தார். பெண் வீட்டுப் பெரியவர்கள் இன்னும் பேசவில்லை, தேன்மொழிதான் நேரே கூப்பிட்டாராம்.

"அந்தப் பாதி ரூமுக்குச் சன்னல் எந்தப் பக்கம் வைக்கப் போறீங்கன்னு கேக்குதுண்ணே."