இரண்டாம் நாள் வீக்கம்

எங்கள் வார்டின் தலைமை நர்ஸுக்குத் தளபதி என்று பெயர் வைத்ததே நான்தான். முகத்துக்கு நேராக அப்படிக் கூப்பிட எவனுக்கும் துணிச்சல் கிடையாது; நேரில் அக்காதான். மண்டையோடு கோணலாகப் பிறந்த குழந்தைகளைப் பத்தொன்பது வருடமாகப் பார்த்துக்கொள்கிறவர். ஃபைல் தாமதமானால் அந்த ஃபைலாலேயே அடி விழும். பெரிய சர்ஜனுக்கே ஒருமுறை விழுந்திருக்கிறது.

புதன்கிழமைதோறும் ஏழு டாக்டர்கள் ஒரே மேசையைச் சுற்றி உட்காருவோம். மூளை, முகம், கண், காது, பல், மயக்க மருந்து, கடைசியில் எடுபிடியாக நான். குழந்தை ஒவ்வொருவர் மடியாக மாறும்.

அப்படி ஒரு புதன்கிழமை வெல்டர் ஒருவனின் குழந்தை வந்தது; எட்டு மாதம். மண்டையோட்டு எலும்புகள் முன்கூட்டியே ஒட்டிக்கொண்டதால் மூளை வளர இடமில்லை. எலும்பை வெட்டி, அகலப்படுத்தி, திரும்பப் பொருத்தினோம். நல்லபடியாக முடிந்தது. இந்த ஆபரேஷன் ஆன இரண்டாம் நாள் முகம் வீங்கி இரண்டு கண்ணும் மூடிக்கொள்ளும். நாலைந்து நாளில் தானாகத் திறக்கும். எங்களுக்கு அது தண்ணி பட்ட பாடு. பெற்றவர்களுக்குச் சொன்னால்தானே தெரியும்?

இரண்டாம் நாள் காலை வெல்டர் மனைவியோடு உள்ளே வந்தான். குழந்தையின் முகம் பூசணிக்காயாக உப்பியிருந்தது. கண் இருந்த இடத்தில் இரண்டு கோடு.

"எம்புள்ள கண்ண புடுங்கிட்டீங்களாடா!"

சலைன் மாட்டும் கம்பியைத் தூக்கிச் சுழற்றினான். ஜன்னல் கண்ணாடி நொறுங்கியது. நான் மருந்து அலமாரிக்குப் பின்னால் ஒதுங்கினேன். பயந்தேன், வேறென்ன. அவன் குழந்தையை அள்ளப் பாய்ந்தான். தலையிலிருந்து ரத்தம் வடியும் குழாய் தொங்குகிறது. எலும்புகளுக்குத் திருகாணி மாட்டி இரண்டு நாள்கூட ஆகவில்லை. இழுத்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும்.

அக்கா தொட்டில் மேல் கவிழ்ந்தார். கம்பி அவர் முதுகில் இறங்கியது, பிறகு தோளில், பிறகு வாயில். பல் ஒன்று தரையில் விழுந்தது. தடுக்க வந்த மனைவியைச் சுவரோடு தள்ளினான்.

"அடிடா! எவ்வளவு வேணா அடி. புள்ளய தொட்டே, கைய ஒடிச்சிருவேன்!" என்றார் அக்கா.

அவர் தலைமுடியைப் பிடித்து இழுத்தான். அக்கா அவன் மணிக்கட்டைக் கடித்தார், ரத்தம் வரும்வரை விடவில்லை. கம்பி கீழே விழுந்தது.

"டேய், டார்ச்ச எடுத்துட்டு வாடா!" என்று என் பக்கம் கத்தினார்.

போனேன். இரண்டு விரலால் இமையை மெல்லப் பிரித்தார். நான் வெளிச்சம் அடித்தேன். உள்ளே கருவிழி நகர்ந்தது. கூச்சம் தாங்காமல் குழந்தை வீறிட்டது.

"நல்லா பாரு. கண்ணு இருக்கு. வீக்கம்தான்."

வெல்டர் கண்ணாடிச் சில்லுகள் மேலேயே உட்கார்ந்துவிட்டான். செக்யூரிட்டிகள் இரண்டு பேர் ஓடிவந்து அவனைப் போட்டு மிதித்தார்கள். நான் தடுக்கவில்லை. எனக்கு அப்போது அது இனித்தது.

அக்காவின் கிழிந்த உதட்டுக்கு நான்தான் தையல் போட்டேன். இரண்டாவது தையலில் என் கையைத் தட்டிவிட்டார்.

"வீங்கும்னு யாருமே அவங்ககிட்ட சொல்லலையா?"

"நீங்க சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சேன்க்கா. ஏழு பேருமே அப்படித்தான்..."

பளாரென்று அறைந்தார்.

"ஆபரேஷனுக்கு அவங்ககிட்ட கையெழுத்து வாங்கினவன் நீ. நீ சொல்லியிருப்பேன்னு நான் நெனச்சேன்டா!"

பிறகு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். விரலிடுக்கில் ரத்தம் ஒழுகியது. எனக்குக் கன்னம் எரிந்தது. இன்னும் மூன்று தையல் பாக்கி இருந்தது. அவர் அழுது முடிக்கும்வரை ஊசியோடு நின்றுகொண்டிருந்தேன்.