மிச்ச ரத்தம்

தொண்ணூறுகளின் நடுவில், வேலப்பன்சாவடி பக்கத்துக் கல்லூரி ஒன்றில் நான் நுண்ணுயிரியல் மூன்றாம் ஆண்டு படித்தேன். அயனம்பாக்கத்தில் ஐம்பது பேரிடம் ரத்தம் எடுத்து, வகை கண்டுபிடிக்கும் ப்ராஜெக்டை எங்கள் பேராசிரியை எனக்கும் என் தோழிக்கும் கொடுத்தார். வெள்ளைக் கோட்டு போட்ட பெருமையில் எங்களுக்குத் தரையில் கால் பாவவில்லை.

பதினேழாவதாக வந்தவள் எங்கள் வயதுப் பெண். அம்பத்தூரில் துணி தைக்கும் கம்பெனியில் வேலை. கையை நீட்டியவள் சிரிஞ்சைப் பார்த்ததும் இழுத்துக்கொண்டாள்.

"குரூப்பு பாக்க ஒரு சொட்டு போதும்னு எங்க கம்பெனி கேம்ப்ல சொன்னாங்களே. நீ டியூப் ரொப்பிகினு போறியே, மிச்சம் இன்னாத்துக்கு?"

"மேடம் எடுத்துட்டு வரச் சொன்னாங்க" என்றேன். அதற்கு மேல் எனக்கே தெரியாது.

"என் ரத்தமாச்சே அது. எனக்குத் தெரியாம இன்னா வோணா பண்ணுவீங்களா?" என்று போய்விட்டாள்.

முதலில் கோபம் வந்தது. திரும்பும் பஸ்ஸில் தோழி, "அவ கேட்டது சரிதான்டி" என்றதும் எனக்கும் உறைத்தது. மூன்று வருடப் படிப்பில் எந்தப் பாடமும் கேட்காத கேள்வி! பேசிக்கொண்டே இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிவிட்டோம்.

மறுநாள் வகுப்பிலேயே கேட்டேன். மிச்ச ரத்தம் நோய் பற்றிய இன்னொரு ஆராய்ச்சிக்கு என்று பேராசிரியை மறைக்காமல் சொன்னார். வகுப்பு இரண்டாகப் பிரிந்தது.

"எல்லாத்தையும் சொல்லிகினு இருந்தா எவன் மச்சான் கைய நீட்டுவான்?" என்றான் ஒருவன்.

"உங்கம்மா ரத்தம்னா சொல்லாம எடுப்பியா?" என்று என் தோழி எழுந்தாள்.

மணி அடித்தும் யாரும் நகரவில்லை. பேராசிரியை, "சரி, அவங்களுக்குச் சொல்ல வேண்டியதை எழுதுங்க. தமிழ்ல" என்றார்.

'ஆய்வுக்கு உட்படுத்தப்படும்' என்று நான் எழுதியதைத் தோழி அடித்தாள். "இது யாருக்குடி புரியும்?" கடைசியில், 'மிச்சத்தை வைத்திருந்து நோய் இருக்கிறதா என்றும் சோதிப்போம். வேண்டாமென்றால் அழித்துவிடுவோம்' என்று நின்றது.

ஞாயிற்றுக்கிழமை, ஏற்கெனவே ரத்தம் கொடுத்த பதினாறு பேர் வீட்டுக்கும் போய் வாசித்தோம். ஐந்து பேர் வேண்டாம் என்றார்கள். அந்த ஐந்து டியூபையும் நாங்களே அழித்தோம். தையல் கம்பெனிப் பெண் வீட்டுக்கும் போனோம்; முழுவதையும் கேட்டுவிட்டு விரலை மட்டும் நீட்டினாள். "ஒரு சொட்டு எட்துக்கோ."

ஐம்பது பேர் சேரவில்லை. மதிப்பெண்ணும் கொஞ்சம் குறைந்தது. ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுக்கு வந்து மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் அம்மாவிடம் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டவர், "அதெல்லாம் சரி, எனக்கு என்ன குரூப்பு?" என்று விரலை நீட்டினார்.