கால் ஊன்ற வேண்டாத வண்டி

என் மனைவிக்கு ஊரார் வைத்த பெயர் இடியம்மா. இருநூறு கிலோ மோட்டார் சைக்கிளில் அவள் வருகிறாள் என்றால் இரண்டு தெருவுக்கு முன்பே காதில் விழுந்துவிடும். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களின் வீடு தேடிப் போய்ப் புண் கழுவிக் கட்டுவது, ஊசி போடுவது, குழாய் மாற்றுவது அவள் வேலை. அந்தச் சத்தம் கேட்டதும் பாதி வலி போய்விட்டது என்பவர்களும் உண்டு, போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்குவதுபோல் நடிப்பவர்களும் உண்டு.

நான் வண்டி சீட்டுக்கு உறை தைப்பவன். ஊரான் வண்டிக்கெல்லாம் தைக்கிறேனே ஒழிய எனக்கு ஓட்டத் தெரியாது. காலையில் போகிற வழியில் என்னைக் கடையில் இறக்கிவிட்டுப் போவாள், மாலையில் வந்து ஏற்றிக்கொள்வாள். பெண்டாட்டி முதுகில் ஒளிந்துகொண்டு போகிறவன் என்று கேலி செய்யாத பயல் கிடையாது. செய்யட்டுமே! எல்லாம் வயிற்றெரிச்சல்.

ஒருநாள் சிக்னலில் வண்டியை நிறுத்தி வழக்கம்போல இடது காலை ஊன்றினாள். கால் மடிந்துவிட்டது. வண்டி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நடுரோட்டில் விழுந்துகிடந்தபடியே, நான் பின்னால் அசைந்ததால்தான் விழுந்தோம் என்று என்மேல் பழியைப் போட்டாள். எனக்கு வந்ததே கோபம். வீடு வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தேன். அடுத்த வாரம் ஒரு நோயாளி வீட்டு வாசலில் தனியாக விழுந்தாள். அன்று பழி போட நான் பக்கத்தில் இல்லை.

டாக்டர் காலைத் தட்டிப் பார்த்தார், ஊசியால் தொட்டுப் பார்த்தார், படங்கள் எடுத்தார். நரம்பு வலுவிழக்கிறது என்றார். மருந்து கேட்டால் இப்படியே நின்றுவிடும், பாதத்தில் கொஞ்சம் தளர்ச்சியோடு காலம் தள்ளலாம். கேட்காவிட்டால் மேலே ஏறும், ஒரு நாள் கைக்கும் வரலாம். சில மாதம் போனால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார். வெளியே வந்ததும் அவள் கேட்ட ஒரே கேள்வி, இனி எந்த வண்டி ஓட்டலாம் என்பதுதான். என் கவலையெல்லாம் அந்தக் கால். இவளுக்கு வண்டிக் கவலை!

மெக்கானிக் எங்களுக்குத் தம்பி மாதிரி. மூன்று சக்கர வண்டி ஒன்று புதிதாகக் கட்டித் தருகிறேன் என்றான். முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு. நிறுத்தினால் தானே நிற்கும், காலே ஊன்ற வேண்டாம். கியரையும் பிரேக்கையும் கைக்குக் கொண்டுவந்துவிட்டான். பழைய வண்டியை அவன் முன்பணமாக எடுத்துத் தள்ளிக்கொண்டு போனபோது அவள் வாசலுக்கே வரவில்லை. உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் மட்டும் கேட்டது.

புது வண்டியின் சத்தம் தையல் மிஷின் சத்தத்துக்கு ஒரு படி மேல், அவ்வளவுதான். முதல் வாரம் படாதபாடு பட்டோம். வளைவில் உடம்பைச் சாய்த்தால் போதும் என்று பழகியவள், கைப்பிடியைத் திருப்ப மறந்து நேரே ஒரு வேலிக்குள் விட்டாள். அதைக்கூட இரண்டு நாளில் சரி செய்துகொண்டாள். கால்தான் கேட்கவில்லை. பிரேக் பிடித்ததும் இடது கால் தன்னால் தரைக்கு இறங்கிவிடும். வண்டி முழுதாக நின்றிருக்காது. பின்னால் வரும் சக்கரம் நேராகக் குதிகாலில் ஏறும். இரண்டு தடவை ஏறிவிட்டது. கெட்டிச் சப்பாத்து போட்டிருந்ததால் வீக்கத்தோடு போனது. இத்தனை வருஷப் பழக்கத்தை அந்தக் காலிடம் யார் போய்ச் சொல்வது?

நான் சும்மா இருப்பேனா? சீட் தைக்கும் ரெக்சினில் ஒரு பட்டை தைத்து, காலை மிதியோடு சேர்த்துப் பிடிக்கிற மாதிரி மாட்டிக் கொடுத்தேன். பார்த்தவள் கத்தரியை எடுத்து வந்து அறுத்துப் போட்டாள்.

"என்னை வண்டியோட கட்டிப்போடப் பாக்கிறியா? நானே பழகிக்குவேன். நீ பேசாம பின்னாடி உக்காரு."

அதற்கப்புறம் நான் ரோட்டையே பார்க்கவில்லை. பின்னால் உட்கார்ந்து கண்கொத்திப் பாம்பாக அந்தக் காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். இறங்கினால் முதுகில் ஒரு தட்டு தட்டுவேன். "தெரியும்யா" என்று சிடுசிடுப்பாள். மழைக்காலம் அப்படியே போயிற்று.

பிறகு ஒரு நாள் முன்னால் போன பஸ் சட்டென்று நின்றது. பிரேக் பிடித்தாள். தட்டுவதற்குக் கையை ஓங்கிவிட்டேன். கால் மிதியிலேயே இருந்தது. அடுத்த சிக்னலிலும் இருந்தது. மறுநாளும், அதற்கு மறுநாளும். எனக்குத் தலைகால் புரியவில்லை. பழகிவிட்டாள்! இனி என்ன, இப்படியே காலம் தள்ளிவிடலாம். மெக்கானிக் பட்டறையில் போய், இடியம்மா பாஸாகிவிட்டாள் என்று தேநீர் வாங்கிக் கொடுத்தேன். கேலி செய்த பயல்களையும் விடவில்லை, ஒவ்வொருவனையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். அவள் எதுவும் சொல்லவில்லை. தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் கட்டிலில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நான் மறுபடியும் அதே கதையை ஆரம்பித்தேன். யாருக்கு வரும் இந்த வைராக்கியம், முதல் வாரம் வேலிக்குள் விட்டவளா இவள் என்று அளந்துகொண்டே போனேன். அவள் நிமிரவில்லை.

"ஒவ்வொரு தடவையும் கீழ வைக்கணும்னுதான்யா நெனைக்கிறேன்," என்றாள். "கால் வரமாட்டேங்குது."

எனக்கு முதலில் புரியவில்லை. சிரித்துக்கூட வைத்தேன் என்று நினைக்கிறேன். பிறகுதான் பார்த்தேன். சப்பாத்தைக் காலிலிருந்து கழற்றவில்லை. முழங்காலுக்குக் கீழே இரண்டு கையாலும் காலைத் தூக்கி, சப்பாத்திலிருந்து வெளியே எடுத்தாள். காலையில் நான் கதவைப் பூட்டிவிட்டு வருவதற்குள் வண்டியில் ஏறி உட்கார்ந்திருப்பாளே, அதுவும் இப்படித்தானா?

"ஏன் சொல்லல?"

"நீ ஊரெல்லாம் சொல்லி சந்தோஷப்பட்டுட்டிருந்த. நாலு நாள் இருக்கட்டுமேன்னு விட்டுட்டேன்."

அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன். அவள் என் தலையைத் தடவிக்கொண்டே, கைக்கு இன்னும் வரவில்லை, விரல் எல்லாம் நன்றாக மடங்குகிறது என்று மடக்கிக் காட்டினாள்.

மறுநாள் ஒரு கிழவருக்குக் கட்டு மாற்ற வேண்டியிருந்தது. அவள் சீட்டில் உட்கார்ந்ததும் நான் குனிந்து இடது காலைத் தூக்கி மிதியில் வைத்தேன். ஒரு காலுக்கு அவ்வளவு கனம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

"ஏறு, அவரு காத்திட்டிருப்பாரு," என்றாள்.

ஏறிக்கொண்டேன். வழியெல்லாம் அவள் கைகளையே பார்த்துக்கொண்டு போனேன்.