கம்பியில்லாத கித்தாரில் கேட்ட பெரட்டு

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் படித்தவள். எஸ்டேட்டுப் பெண்தானே, ரப்பர் காட்டுக்குள் எதையோ பார்த்து மிரண்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு இதைக் கேட்க வேண்டாம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான்தான். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, பக்கத்து ஊர் சுங்கைப்பட்டாணி ஆங்கிலப் பள்ளியில் முடித்து, இன்று அதே தோட்டப் பள்ளிக்கு ஆசிரியையாகத் திரும்பி வந்திருக்கிறேன். முனி அடித்துக் காய்ச்சல் வந்ததாகப் பிள்ளைகள் சொன்னால், இல்லை, கொசு கடித்து வந்தது என்று திருத்துகிறவள் நான். இந்த விஷயத்தையும் அப்படித் திருத்திப் பார்க்க எவ்வளவோ முயன்றேன், முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

சுங்கைப்பட்டாணியில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே காதர் அண்ணனின் ரேடியோ பழுது பார்க்கும் கடை இருக்கிறது. அவருக்கு ஒரு பைத்தியம், மின்சாரக் கித்தார் சேர்ப்பது. உங்களில் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள், மடியில் படுக்க வைத்துக் கம்பிமேல் இரும்புத் துண்டை வழுக்கி வாசிப்பார்களே, ஹவாய்க் கித்தார், அதிலேயே மின்சாரத்தில் பாடுவது. பினாங்கில் நடன பேண்டுகளில் வாசிப்பவர்கள், சீமைக்குத் திரும்பும் துரைமார்கள், பட்டாளத்துக்காரர்கள் என்று யார் யாரிடமிருந்தோ வாங்கி வருவார். அதிலும் எல்லாக் கித்தாரும் அல்ல, டொரெல் என்ற அமெரிக்கக் கம்பெனியின் கித்தார் மட்டும். வாசிக்கத் தெரியுமா என்றால் அதுவும் தெரியாது. அவர் மனைவி மைமூன் அக்கா சொல்வார்: "எங்க வீட்டுல புள்ளைங்க தரையில தூங்குதுங்க, கித்தாருங்க கட்டில்ல தூங்குதுங்க. கேட்டா ஈரம் ஆகாதாம்லா."

அவருக்கு வேண்டியது பாட்டு இல்லை. எந்தக் கித்தார் எப்போது செய்யப்பட்டது, எதற்குப் பிறகு எது வந்தது என்ற வரிசைதான் வேண்டும். கம்பெனிக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுத ஆள் தேடினார், பஸ்ஸுக்குக் காத்திருந்த நான் கிடைத்தேன். அங்கிருந்து வந்த பதிலில் அதிகம் ஒன்றும் இல்லை. சண்டைக் காலத்தில் தொழிற்சாலையை இராணுவ வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள், அந்த வருடங்களில் ஒரு கித்தார்கூடச் செய்யவில்லை, அவ்வளவுதான். மற்றதையெல்லாம் நாங்களே ஒவ்வொரு கித்தாராகத் திறந்து பார்த்துக் கண்டுபிடித்தோம். கம்பிகளுக்கு மேலே வளைவாக இரண்டு காந்தங்கள் இருக்கும், அடியில் மெல்லிய செம்புக் கம்பிச் சுருள் இருக்கும். சண்டைக்கு முன் செய்தவற்றில் காந்தம் அகலம், சண்டைக்குப் பின் செய்தவற்றில் குறுகல். இதை முதலில் கவனித்தது காதர் அண்ணன் இல்லை, நான். அந்தப் பெருமையை யாருக்கும் விட்டுத் தரமாட்டேன்.

இனி என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் தோட்டத்திலிருந்து ஆண்களைச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். என் அப்பா மாரிமுத்துவும் போனார். கணக்கு வைத்துக்கொள்ள எங்கள் தோட்டத்துக் கணக்கரான பழைய கிராணியையும் கூடவே ஏற்றிக்கொண்டு போனார்கள். அத்தனை பேரில் திரும்பி வந்தது சின்னப்பன் மாமா ஒருவர்தான். வீரப்பனையும் கோவிந்தனையும் தன் கையாலேயே புதைத்ததாகச் சொன்னார். கிராணி வாந்திபேதியில் போனதையும் பார்த்திருக்கிறார். அப்பாவை மட்டும் வேறு முகாமுக்கு மாற்றிவிட்டார்களாம், அதற்குப் பிறகு அவருக்கு எதுவும் தெரியாது.

அம்மா பொட்டை அழிக்கவில்லை. தாலியும் கழுத்திலேயே இருந்தது. கல்யாண வீட்டில் சுமங்கலிகளோடு நிற்கப் போனால் சிலர் முகத்தைத் திருப்புவார்கள், விதவைகளோடு உட்கார்ந்தால் அவர்கள் இந்தப் பொட்டைப் பார்ப்பார்கள். இப்படி எந்தப் பக்கமும் சேராமல் அம்மா ரப்பர்ப் பால் வெட்டி என்னைப் படிக்க வைத்தார். நான் சம்பாதிக்கத் தொடங்கியதும் நானே பேச்சை எடுத்தேன். அப்பா இல்லை, இத்தனை வருடம் கழித்து யாரும் வரப்போவதில்லை, காரியத்தைச் செய்துவிடுவோம், நீங்களும் ஒரு முடிவுக்கு வாருங்கள் என்று நாள்கணக்கில் சொன்னேன். ஒருநாள் அம்மா, "சரி, படிச்சவ நீ சொல்ற" என்றார். அமாவாசைக்கு நாள் குறித்தோம். வெள்ளைச் சேலையும் மற்றச் சாமான்களும் வாங்க இருவரும் சுங்கைப்பட்டாணிக்குப் புறப்பட்டோம்.

அந்த வருடம் கம்யூனிஸ்ட் கலவரம் மும்முரம். நாங்கள் குடியிருக்கும் லயங்களைச் சுற்றிக் கம்பிவேலி போட்டிருந்தார்கள், வாசலில் உடம்பைத் தடவிச் சோதித்துவிட்டுத்தான் வெளியே விடுவார்கள், காட்டுக்குள் இருப்பவர்களுக்குப் போய்விடும் என்று சோற்றுப் பொட்டலம்கூடக் கொண்டுபோக விடமாட்டார்கள். அன்றைக்கு நாங்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் இறங்காததுமாகத் தெருவின் இரண்டு முனைகளையும் பட்டாளம் அடைத்துவிட்டது. கடைகளை மூடு, எல்லாரும் உள்ளே போ, அடையாள அட்டைச் சோதனை என்று ஒலிபெருக்கியில் கத்தினார்கள். காதர் அண்ணன் எங்களைப் பார்த்துவிட்டு, "உள்ள வாங்கம்மா, டீச்சர், வெளிய நிக்காதீங்க" என்று இழுத்துப் பலகைக் கதவைச் சாத்தினார். பட்டப்பகல். கதவு இடுக்கில் வெயில் கோடு கோடாக விழுந்துகொண்டிருந்தது. உள்ளே நாங்கள் நான்கு பேர்தான்: அண்ணன், மைமூன் அக்கா, அம்மா, நான்.

மேசைமேல் புதிதாக ஒரு டொரெல் கிடந்தது. கம்பிகள் துருப்பிடித்திருந்ததால் எல்லாவற்றையும் கழற்றிவிட்டதாகச் சொன்னார். நான் சும்மா இருப்பேனா, காந்தத்தை அளந்து பார்த்தேன். அகலமும் இல்லை, குறுகலும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் இருந்தது. அடியில் குத்தியிருந்த எண்ணும் அப்படித்தான், எங்களிடம் இருந்த சண்டைக்கு முந்தைய கடைசிக் கித்தாருக்குப் பிந்தியது, சண்டைக்குப் பிந்தைய முதல் கித்தாருக்கு முந்தியது. ஒன்றுமே செய்யவில்லை என்று கம்பெனி எழுதிய அந்த வருடங்களில் செய்த கித்தார் அது.

"இது எங்கேருந்து வந்துச்சுண்ணே?" என்றேன்.

ரயிலில் வேலை செய்யும் ஒருவன் கொண்டு வந்து விற்றானாம். சயாம் பக்கத்துச் சரக்கு என்பதைத் தவிர அவனுக்கு வேறெதுவும் தெரியவில்லையாம்.

சயாம் என்ற சொல் காதில் விழுந்ததும் அதுவரை கதவோரம் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து மேசைக்குப் பக்கத்தில் வந்தார். எதையும் தொடவில்லை. "இது பேசுமா தம்பி?" என்று மட்டும் கேட்டார். கம்பி இல்லாமல் எப்படிம்மா பேசும், வேணும்னா கரண்டு ஏறுதான்னு பாக்கலாம் என்று சொல்லிக்கொண்டே அண்ணன் ஒயரை ஒலிப்பெட்டியில் சொருகிச் சுவிட்சைத் தட்டினார்.

பெட்டி சூடேறியதும் வழக்கமான இரைச்சல் வந்தது, வண்டு சுற்றுவதுபோல. அதற்கு அடியில் வேறொரு சத்தம் இருந்தது. முதலில் மழை என்று நினைத்தேன், வெளியே மழை இல்லை. பிறகு அது நிறையப் பேர் ஒன்றாக நிற்கும்போது வருமே, இருமல், செருமல், சேற்றில் கால் மாற்றி வைப்பது, அந்தச் சத்தம் என்று தெரிந்தது. அப்புறம் ஒரு ஆண் குரல் பெயர் கூப்பிடத் தொடங்கியது.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன், வேலைக்குப் போகுமுன் விடியற்காலையில் ஆட்களை நிறுத்திக் கிராணி பெயர் கூப்பிடுவார், அதற்குப் பெரட்டு என்று பெயர். ஒவ்வொருவரும் இருக்கேன்யா என்று குரல் கொடுக்க வேண்டும். தொட்டிலில் கிடந்த காலத்திலிருந்து நான் கேட்டு வளர்ந்த சத்தம் அது. பெட்டிக்குள்ளிருந்து வந்தது அதேதான்.

வீரப்பன் என்றது குரல். இருக்கேன்யா என்று ஒருவர் சொன்னார். கோவிந்தன் என்றது. இருக்கேன்யா.

இருவரும் சின்னப்பன் மாமா புதைத்தவர்கள். அம்மாவைப் பார்த்தேன், அவர் முகத்தில் பயமே இல்லை, பெரட்டுக் களத்தில் நிற்பதுபோல முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு நேராக நின்றார். எனக்குத் தெரியாத பெயர்களும் சில வந்து போயின. பிறகு அந்தக் குரல், மாரிமுத்து என்றது.

பதில் இல்லை. இரைச்சல் மட்டும் கேட்டது. மறுபடியும், மாரிமுத்து.

என் மனதில் ஓடியதை அப்படியே சொல்கிறேன். இது செத்தவர்களின் பெரட்டு, அப்பா இதில் இல்லை, அப்படியானால் அவர் எங்கோ உயிரோடு இருக்கிறார். அடுத்த கணமே, இல்லை, இது அவர்கள் உயிரோடு இருந்த காலத்துப் பெரட்டு, அன்றைக்கு அப்பா எழுந்திருக்க முடியாமல் கிடந்திருக்கிறார். இரண்டில் எது என்று எனக்குப் பிடிபடவில்லை. வாயைத் திறந்தேன், என்ன சொல்ல இருந்தேன் என்பது எனக்கே தெரியாது. அம்மா என் வாயைத் தன் உள்ளங்கையால் பொத்தினார்.

எங்கள் தோட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. புருஷன் நோயில் படுத்துவிட்டால், பெரட்டில் அவன் பெயர் வரும்போது பெண்டாட்டி முன்னால் வந்து பதில் சொல்ல வேண்டும். யாரும் சொல்லாவிட்டால் கிராணி பேரை வெட்டிவிடுவார். அம்மா குனிந்து, அந்தக் காந்தத்துக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய், பணிவாகச் சொன்னார்:

"அவருக்குக் குளிர்காய்ச்சலுங்கய்யா. எந்திரிச்சா வந்துருவாரு. பேர வெட்டிறாதீங்க."

இரைச்சல் நின்றதுபோல இருந்தது. பிறகு அந்தக் குரல், சரி என்றது. நான் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்ததால் அதற்கு மேல் எதையும் சரியாகக் கேட்கவில்லை. அடுத்த பெயரைக் கூப்பிட்டபோது காதர் அண்ணன் ஒயரைப் பிடுங்கினார். அவர் உதடுகள் கலிமா சொல்லிக்கொண்டிருந்தன. மைமூன் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

யாரும் ஒரு வார்த்தை பேசுவதற்குள் கதவு தட்டப்பட்டது. மலாய்ப் போலீஸ்காரர் ஒருவரும் பின்னால் ஒரு வெள்ளைக்காரச் சிப்பாயும் உள்ளே வந்தார்கள். போலீஸ்காரர் அட்டைகளை வாங்கி ஒவ்வொரு பெயராகப் படித்தார். அம்மாவின் அட்டையைப் படித்துவிட்டுத் தாலியைப் பார்த்து, "லாக்கி மானா?" என்று கேட்டார், புருஷன் எங்கே என்று.

"டெமாம், துவான்" என்றார் அம்மா. காய்ச்சல் ஐயா என்று.

போலீஸ்காரர் தலையாட்டிவிட்டு அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

தெருவைத் திறந்துவிட்டதும் நடந்தோம். துணிக்கடை வந்தது, அம்மா நிற்கவில்லை. நானும் நிற்கச் சொல்லவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு, "பேர வெட்டல, பாத்தியா" என்று மட்டும் சொன்னார், ஏதோ தோட்டத்து ஆபீசுக்குப் போய்க் காரியம் முடித்துவிட்டு வருகிறவர் மாதிரி. அமாவாசை வந்தது, போனது. காரியம் நடக்கவில்லை. தோட்டத்தில் என்னென்னவோ பேசினார்கள், படித்த மகளே தாய்க்குச் சொல்ல மாட்டேங்கிறாள் என்று என் காதுபடவே சொன்னார்கள். பொட்டு இன்றும் அம்மாவின் நெற்றியில் இருக்கிறது.

நானும் சும்மா விடவில்லை. கம்பிச் சுருள் உள்ள இடத்தில் போலீஸ் ஒயர்லெஸ் வந்து சிக்கும், அன்றைக்குத் தெரு முழுக்கப் பட்டாள வண்டிகள் நின்றன, யாராவது எங்கோ பெயர் வாசித்திருப்பார்கள் என்று காதர் அண்ணனே சொல்லிப் பார்த்தார். இருக்கலாம். வீரப்பன், கோவிந்தன், மாரிமுத்து எல்லாம் எங்கள் கெடா மாநிலத்தில் எந்தத் தோட்டத்திலும் இருக்கிற பெயர்கள்தான். ஆனால் அம்மா பேசியதைக் கேட்டது யார் என்றேன். அவர் ஒலிப்பெட்டியைத் துடைக்கத் தொடங்கிவிட்டார். எங்கள் வரிசையில் அந்தக் கித்தாரை எங்கே வைப்பது என்றும் எங்களுக்குத் தெரியவில்லை, அதற்குப் புதிய கம்பி போட அவருக்கு மனமும் வரவில்லை, சாக்கில் சுற்றிப் பரண்மேல் போட்டிருக்கிறார்.

இதோடு முடிந்திருந்தால் எப்படியாவது தேறியிருப்பேன். சில மாதம் கழித்து மைமூன் அக்கா எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, சாதாரணமாகக் கேட்டார்:

"அஞ்சலைன்னா யாரு புள்ள?"

ஏன் கேட்கிறீர்கள் என்றேன்.

"அன்னிக்கு ஒங்கம்மா பேசினதும், சரி அஞ்சலை, போன்னு சொன்னானே பெட்டிக்குள்ள பேசினவன். போலீஸ்காரன் அட்டையில வேற பேருல்ல படிச்சான்."

அடையாள அட்டையில் அம்மாவின் பெயர் காளியம்மாள். தோட்டத்துக் கணக்கிலும் எல்லார் வாயிலும் அதே பெயர்தான். அஞ்சலை என்பது அவர் சிறு பெண்ணாக வேலைக்கு வந்த காலத்துப் பெயர். அப்பா அப்படிக் கூப்பிடுவார், சயாமுக்குப் போன அந்தப் பழைய கிராணியும் அப்படித்தான் கூப்பிடுவாராம். அவர்கள் போன பிறகு அந்தப் பெயரைச் சொல்ல ஆள் இல்லை.

யாரோ தெரிந்தவர்கள் என்று அக்காவிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அம்மாவிடம் இதுவரை கேட்கவில்லை. கேட்டால், ஆமா, கிராணி ஐயாவுக்கு என்னையத் தெரியாதா என்று அம்மா சாதாரணமாகச் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார் என்பது எனக்குத் தெரியும்.