கஸ்தூரி அக்கா ஏற்றச் சொன்ன தவறு

கஸ்தூரி அக்கா இறந்த செய்தி அவருடைய எண்ணிலிருந்தே வந்தது. செவ்வாய்க்கிழமை காலை, மகளுக்குக் கேழ்வரகுக் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தேன். நம் வாட்ஸப் குழுவில் அவர் படத்தோடு ஓர் அறிவிப்பு: "எங்கள் தாயார் கஸ்தூரி, ஆவடி, நேற்று மாரடைப்பால் காலமானார்." மூன்று முறை படித்தேன். எதைப் படித்தாலும் அதில் தவறைத் தேடுவது நம் எல்லோருக்கும் உள்ள வியாதிதானே. ஆவடி என்று போட்டிருந்தது. அக்கா ஒருநாளும் தன்னை ஆவடிக்காரி என்று சொன்னதில்லை, கோவில்பதாகை என்றுதான் சொல்வார். ஊர் தப்பு, அப்படியானால் செய்தியும் தப்பாக இருக்கும் என்று கஞ்சி கட்டிதட்டும் வரைக்கும் நம்பிக்கொண்டு நின்றேன்.

இதை அக்கா வீட்டாரும் படிக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன். 'மறுபடி பார்' என்பது வாட்ஸப்பில் எங்கள் குழு. ஞாயிற்றுக்கிழமை மதியம் தொலைக்காட்சியில் போடும் படத்தை அவரவர் வீட்டிலிருந்து பார்ப்போம். மழையில் நனைந்து பேருந்தில் ஏறிய நாயகனின் சட்டை உள்ளே காய்ந்திருக்கும், பாதி குடித்த டீ அடுத்த காட்சியில் நிரம்பியிருக்கும். அப்படிப்பட்ட தவறுகளை நிமிடம் நொடியோடு எழுதுவோம். குழுவை நடத்தும் அம்பத்தூர் ரகு அண்ணன் அவற்றைப் பட்டியலில் ஏற்றுவார். இதனால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை. என்னைப் போன்றவர்களுக்கு அந்த வாரம் யாரோடாவது பேசியதாக ஒரு கணக்கு ஆகும், அவ்வளவுதான்.

நான் சேர்ந்தபோது மகளுக்கு மூன்று மாதம். என் அம்மா திருநெல்வேலிக்குத் திரும்பிவிட்டிருந்தாள். கணவருக்கு ஷிப்ட் வேலை. வானகரத்தில் ஆறாவது மாடி, எதிர் வீட்டுக் கதவு எப்போதும் பூட்டியிருக்கும். மகள் மடியில் தூங்கும்போது டிவியின் சத்தத்தை அணைத்துவிட்டுப் படம் பார்ப்பேன். சத்தம் போனால் கதையும் போய்விடும், தவறுகள்தான் மிஞ்சும். நடுநடுவே அவள் மூக்கினடியில் விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொள்வேன். அப்படித்தான் நான் குழுவில் பெரிய ஆளானேன்.

அக்கா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சிறிய கம்பெனியில் ரப்பர் வளையங்களைச் சோதிக்கும் வேலையில் இருந்தார். ஒருவர் கழித்துப் போட்ட பொருளை இன்னொருவர் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் அங்கே அது கழிவு. அந்த வழக்கத்தை நம் குழுவுக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். ஒருவர் சொன்ன தவறை இன்னொருவர் பார்த்து 'சரி' என்று சொல்லும் வரை பட்டியலில் ஏறாது. ரகு அண்ணன் முணுமுணுத்தார், "அக்கா, நாம இன்னா ராக்கெட்டா வுடுறோம்?" அதற்கு அக்கா, "மொதக் கண்ணு பயத்துல பாக்கும்பா. ரெண்டாவது கண்ணுதான் சாமானைப் பாக்கும்" என்றார்.

அவர் கோபப்படுவது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான். ஒரு படத்தில் வில்லனின் தொழிற்சாலை. ஓடுகிற மெஷின் முன்னால் பெண்கள் கை நிறைய வளையலும் தொங்கும் முந்தானையுமாக நின்றார்கள். நாங்கள் எல்லோரும் நாயகனின் கைக்கடிகாரம் இடமிருந்து வலம் மாறியதில் மும்முரமாக இருந்தோம். அக்காவின் குரல் பதிவு வந்தது: "வாட்ச்சு கெடக்கட்டும். அந்தப் பொண்ணு கைய பாருங்க. இந்நேரம் மெஷினு இஸ்துகினு போயிருக்கும். எங்க லைன்ல ஒருத்திக்குப் போயிருக்குது."

தப்பும் செய்வார். ஒரு படத்தில் சென்ட்ரலில் ஏறியவன் ஆவடியைத் தாண்டி அம்பத்தூரில் இறங்கினான். நிஜத்தில் அம்பத்தூர் ஆவடிக்கு முன்னாலேயே வந்துவிடும். "ரயிலு பின்னாடியே போவுது போலகீது" என்று அக்கா ஒரு வாரம் ஓட்டினார். கடைசியில் பார்த்தால் அவன் தூங்கிப்போய் ஆவடியில் விழித்து, எதிர் ரயிலில் திரும்பி வருகிறான். அக்கா அந்த இடத்தில் காய் நறுக்க எழுந்து போயிருக்கிறார். "சரி, நைனா. ரிஜெக்ட் என் மேலதான்" என்று ரகு அண்ணனுக்கு எழுதினார்.

நான் சொல்ல வந்தது வேறொரு ஞாயிறைப் பற்றி. பிரசவக் காட்சி. துண்டில் சுற்றி நர்ஸ் கொடுத்த குழந்தைக்குத் தலை நேராக நின்றது, மூன்று மாதமாவது இருக்கும். எழுதினேன், ஐந்து பேர் உடனே 'சரி' போட்டார்கள். எனக்கு என்ன ஆனதோ, இன்னொன்றும் எழுதினேன்: "குழந்தையைப் பார்த்தவுடன் அந்த அம்மா சிரிக்கிறாள், சந்தோஷத்தில் அழுகிறாள். இதுவும் தவறு."

இதற்கு யாரும் 'சரி' போடவில்லை. பிறகு ரகு அண்ணன், "சிஸ்டர், இது லிஸ்ட்ல வராதே. அம்மான்னா அப்டித்தானே?" என்றார். இரண்டு பேர் சிரிக்கும் முகம் போட்டார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. அழித்துவிடலாம் என்று விரலை வைத்தபோது அக்கா எழுதினார்.

"நான் பார்த்தேன். தப்புதான். ஏத்து."

"அக்கா, எந்த நிமிஷம்னு சொல்லுங்க, ஏத்திடறேன்."

"இருவத்தி நாலு வருஷம் ஆவுது. நிமிஷம்லாம் நெனப்பு இல்ல."

ரகு அண்ணன் ஏற்றினார். இன்றும் பட்டியலில் இருக்கிறது.

அடுத்த பத்து நிமிடத்தில் எனக்குத் தனியாக ஒரு குரல் பதிவு. "இன்னா கண்ணு, கொயந்தை தூங்கிச்சா? எனக்கு மொதப் பொண்ணு பொறந்தப்போ யாரோ ஊட்டுக் கொயந்தைய எங்கையில குட்த்த மாரி இருந்துச்சு. ஒண்ணும் தோணல. பன்னெண்டு நாளு. பால் குடுத்தேன், ஆனா மூஞ்சியப் பாக்கல. பதிமூணாவது நாளு ஒரு தும்மல் போட்டுச்சு பாரு, அதுவே பயந்து என்னிய பாத்துச்சு. அப்பதான் எனக்கு மனசு திறந்துச்சு."

எனக்கு நாலு மாதம் ஆகியும் திறக்கவில்லை அக்கா, என்று எழுதினேன். வேறு யாரிடமும் நான் சொல்லாதது அது. குளிப்பாட்டுவேன், ஊசி போடும் தேதி ஒன்று தவறவிடமாட்டேன், அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று இருபத்து நான்கு மணி நேரமும் பயந்து சாவேன். ஆனால் எல்லோரும் சொல்லும் அந்தப் பாசம் எனக்குள் பொங்கவே இல்லை. நான் தாயாக இருக்கத் தகுதியற்றவள் என்று நினைத்திருந்தேன்.

"மெஷினா அது, சுச்சு போட்டா ஓட? வரும். வர்ற வரைக்கும் பாலக் குடு, துணிய மாத்து. அப்டியே டாக்டராண்டயும் சொல்லு, வெக்கப்படாத. வூட்டுக்காரர்கிட்டயும் சொல்லு." இரண்டையும் செய்தேன். அக்கா சொல்லியிராவிட்டால் செய்திருக்கமாட்டேன்.

அதன் பிறகு தினமும் பேசினோம். "ஒரு தபா வாயேன், கோவில்பதாகை இன்னா அமெரிக்காலயா கீது?" என்பார். பூந்தமல்லி வழியாக ஒரு மணி நேரம்கூட ஆகாது. தூசி, வெயில், குழந்தைக்குச் சளி என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் வைத்திருந்தேன். அவர் முகத்தை நேரில் பார்க்கவே இல்லை.

அவர் போனதற்கு அடுத்த ஞாயிறு, பழக்கத்தில் ஒரு தவறை அவர் எண்ணுக்கு அனுப்பிவிட்டேன். தாலி கட்டும் முன்பே மணப்பெண் கழுத்தில் தாலி. அனுப்பிய பிறகுதான் உறைத்தது. பார்த்ததற்கான நீலக் குறி விழுந்தது. பதில் வந்தது: "நான் அவங்க பொண்ணு அமுதா. பதினாறாம் நாளு காரியத்துக்கு வாங்கக்கா."

அக்காவின் கதையில் வந்த அந்த மூத்த பெண்தான். போன் அவளிடம் இருக்கிறது. அந்தக் குரல் பதிவைக் கேட்டிருப்பாளோ? தன்னைப் பெற்றவள் தன் முகத்தைப் பன்னிரண்டு நாள் பார்க்கவில்லை என்பதை, தாயைப் பறிகொடுத்த வாரத்தில், என்னால் கேட்டிருப்பாளோ? அந்தப் பயத்தோடுதான் பத்து மாத மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனேன். இந்த முறை வெயிலைப் பற்றி நினைக்கவில்லை.

சாமியானாவுக்கு வெளியே வந்து கையைப் பிடித்துக்கொண்டாள் அமுதா. "உங்களுக்கு அம்மா அனுப்ச்ச வாய்ஸ் எல்லாம் கேட்டேன்க்கா."

மன்னித்துக்கொள் என்று ஆரம்பித்தேன்.

"எதுக்கு? அந்தப் பன்னெண்டு நாள் கதைக்கா? ஐய்யே, அது தெருவுக்கே தெரியும். என் கல்யாணத்துல மாப்ளைய பக்கத்துல வச்சிகினே சொல்லிச்சுக்கா. 'இத்தத் தொடவே புடிக்கல எனக்கு, இப்ப பாரு, அனுப்ப மனசு வரல'ன்னு." அழுதுகொண்டே சிரித்தாள். "ஆனா ஒவ்வொரு தபாவும் மாத்தும். உங்களாண்ட தும்மல்னு சொல்லிகீது. என்னாண்ட விக்கல்னு சொல்லும். எங்க மாமியாராண்ட ஒம்போது நாளுன்னு சொல்லிச்சு. ஊர்ல கீற படத்துலலாம் தப்பு புடிக்கும், அதோட கதைய மட்டும் ஒரு தபாகூட ஒரே மாரி சொல்லாது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறு மாதமாக நான் ஒரு தும்மலுக்காகக் காத்திருந்தேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்? மகள் தும்மும்போதெல்லாம் எனக்குள் ஏதாவது திறக்கிறதா என்று பார்த்திருக்கிறேன். திறந்ததில்லை. அமுதா பேசிக்கொண்டிருக்கையில் உறவுக்காரப் பெண் ஒருத்தி மகளை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அமுதா பேச்சை நிறுத்தி என்னையே பார்த்தாள். "நான் சொல்றது எதுவும் உங்க காதுல வுழல. கதவையே பாத்துகினு கீறீங்க. தோ, வர்றா உங்க பொண்ணு" என்றாள். மகளை வெளியே கொண்டுவந்தார்கள். கையில் வாங்கியபோதுதான் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தது தெரிந்தது.

இதை எழுதலாமா என்று அமுதாவிடம் கேட்டேன். "எழுதுங்க, அம்மா இருந்தா அதுவே மைக்கு புடிச்சிருக்கும்" என்றாள்.

கஸ்தூரி அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இதுதான்: இப்படி ஒரு கதையைத் தான் பெற்ற பெண்ணிடமே சொல்லலாம், அதைக் கேட்டு வளர்ந்த பெண் தாய்க்காக அப்படி அழுதுகொண்டே சிரிக்கவும் செய்வாள். என் மகளுக்கும் ஒருநாள் சொல்வேன். உனக்கு எத்தனை நாளில் திறந்தது, தும்மலா, விக்கலா என்று அவள் கேட்டால் என்னிடம் பதில் இருக்காது. சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டும் என்பது மட்டும் தெரிகிறது. அந்தச் சிரிப்பை இனி யாரோடு பேசிப் பழகுவது என்றுதான் தெரியவில்லை.