காந்தத்தில் கலந்த களிமண்

ஸெய்னுலாப்தீன் ஐந்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டவர். மடவளையில் கல்யாண வீடுகளுக்கு லவுட்ஸ்பீக்கர் கட்டும் ஒருவரோடு பன்னிரண்டு வருஷம் அலைந்துவிட்டு, கட்டுகஸ்தோட்டையில் சொந்தமாக ரேடியோ திருத்தும் கடை போட்டார். யாரிடமும் பல்லைக் காட்டிப் பேசமாட்டார். வேலையில் குறை சொல்ல முடியாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில் அரசாங்கத் தடையால் வெளிநாட்டுச் சாமான் வருவது நின்றது. ஸ்பீக்கரின் பின்னால் இருக்கும் கறுப்புக் காந்த வளையம் உடைந்தால் மாற்ற வழியில்லை. அது வெறும் இரும்பு அல்ல, இரும்புத் துருவும் பேரியம் என்ற வெள்ளைப் பொடியும் சேர்த்துச் சுட்ட சாமான் என்று பழைய புத்தகமொன்றில் பார்த்திருந்தார். சுடுவதுதானே, சுட்டுப் பார்த்தால் என்ன? அந்தத் துரு, தரைக்குப் போடும் சிவப்புப் பொடியாகக் கடையில் கிடைத்தது. பேரியமும் சூளையும் கம்பளையில் பீங்கான் கோப்பை செய்யும் ராஜலிங்கத்திடம் இருந்தன. இவர் பொடியை அளந்து கலந்து கொடுப்பார். குழைத்து அச்சில் போட்டுச் சுடுவது ராஜலிங்கம்.

முதல் சூளையில் எல்லா வளையங்களும் வெடித்தன. இரண்டாவதிலும் அதே கதைதான். ஆனால் வெடித்த துண்டைக் கம்பிச்சுருளுக்குள் வைத்து, பற்றரியால் காந்தம் ஏற்றியபோது அது சுத்தியலையே கவ்விக்கொண்டது. மனுஷனுக்கு அன்றைக்குச் சோறு இரண்டு பங்கு இறங்கியது.

அந்தத் தைரியத்தில் கைத்தொழில் அனுமதிக்கு எழுதிப் போட்டார். அனுமதி இருந்தால் அரசாங்கப் பங்கீட்டில் செப்புக் கம்பி கிடைக்கும். இல்லாவிட்டால் கடையை மூட வேண்டியதுதான். மாத முடிவில் அதிகாரி வருவார். வெடிக்காத முழு வளையம் ஒன்று ஒரு றாத்தல் தராசுப் படிக்கல்லைத் தூக்கிக் காட்ட வேண்டும். அதற்குள் ஒரு சூளைதான் மிச்சம்.

மூன்றாம் சூளையில் வளையங்கள் ஒரு கீறல் இல்லாமல் வந்தன. ஆணியைத் தூக்கின. படிக்கல் அசையவில்லை. பற்றரியை மாற்றினார். சுருளைப் பிரித்து மறுபடி சுற்றி விரலைக் கிழித்துக்கொண்டார். பொடி விற்றவனைத் திட்டித் தீர்த்தார். நான்கு நாள் இப்படியே போக, ஐந்தாம் நாள் கம்பளைக்குப் பஸ் ஏறினார்.

ராஜலிங்கம் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். அண்ணன் என்ற கணக்கில் இவரை நானா என்றுதான் கூப்பிடுவார்.

"பாத்தீங்களா நானா, ஒண்ணுகூட வெடிக்கல. நான்தான் பீங்கான் களிமண்ணு ஒரு கைப்பிடி சேத்துக் கொழைச்சேன்."

"எனக்கிட்ட ஒரு வார்த்த செல்லீக்கலாமே."

"ஒரு கைப்பிடிதானே நானா."

சூளை அவருடையது. சண்டை போட்டால் பிழைப்பு போகும். ஸெய்னுலாப்தீன் கடைக்குத் திரும்பினார். திருத்தக் கொடுத்த ரேடியோவைக் கேட்டுக் கடைக்கு வந்த தியாகராஜா மாஸ்டர், யாழ்ப்பாணத்துக்காரர், பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிப்பவர், களிமண் கதையைக் கேட்டு வளையத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"ஓம், களிமண்ணில அலுமினியம் கிடக்கு. சூட்டில அது இரும்பின்ர இடத்தில போய்க் குந்தியிடும். அதுக்குக் காந்தக் குணம் இல்லை. தேர்வடம் இழுக்கிற ஆக்களை எழுப்பிப்போட்டு வேடிக்கை பாக்க வந்தவனை நிப்பாட்டின மாதிரி."

காரணம் தெரிந்து என்ன பிரயோசனம்? அடுத்த சூளைக்கு இன்னும் இரண்டு கிழமை. அதிகாரி அதற்கு முன்பே வந்துவிட்டார். முழு வளையம் தூக்கவில்லை. ஸெய்னுலாப்தீன் வெடித்த துண்டால் படிக்கல்லைத் தூக்கிக் காட்டினார். படிவத்தில் முழு வளையம் என்றுதான் இருக்கிறது என்றார் அதிகாரி. பிறகு அந்த நல்ல வளையத்தை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, ரொம்ப அழகு என்று சிங்களத்தில் மெச்சிவிட்டு, பொருத்தமில்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். ஆறு மாதம் கழித்து மறுபடி எழுதிப் போடலாமாம்.

அடுத்த சூளை நாளன்று ஸெய்னுலாப்தீன் பொடிச் சாக்கோடு கம்பளையில் நின்றார்.

"ஆபீசர் என்ன சொன்னாரு நானா?"

"அழகா ஈக்கிதாம்."

ராஜலிங்கம் சந்தோஷமாகச் சாக்கை வாங்கக் கையை நீட்டினார். ஸெய்னுலாப்தீன் கொடுக்கவில்லை. சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, பொடி குழைக்கும் தொட்டியருகே தானே குந்தினார்.