பஸ்ஸுக்குப் பின்னால் போன வாடகைக் கார்

என் புருஷனை ஊர் சிரிக்க வைத்தவன் என் கூடப் பிறந்த அண்ணன். வேறு யாரும் இல்லை. அவன் முகத்துக்கு நேராகவே இதைச் சொன்னேன். "வெளையாட்டுக்குச் சொன்னதும்மா, இதுக்குப் போயி" என்று தன் டைல்ஸ் கடைக்குள் நுழைந்துகொண்டான். அதனால் எழுதுகிறேன்.

என் புருஷன் முதலில் இங்கே விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் சூளை வேலை பார்த்தார். கல்யாணமான அடுத்த வருஷம் ஷார்ஜா போனார். லீவில் வரும்போதெல்லாம் அங்கே எப்படி இருக்கிறது என்று கேட்பேன். "நல்லா இருக்குது, ஏசி ரூமு" என்பார். அதற்கு மேல் பேச மாட்டார். நான் அந்த ஏசி ரூமை நாலு வூட்டில் போய்ச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஷார்ஜாவே அவர் கைக்குள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சில வருஷத்துக்கு முன்னால் அண்ணன் விசிட் விசா எடுத்து, அண்ணியையும் என்னையும் அங்கே கூட்டிப்போனான். கிளம்பும் முன்பே வெளிநாட்டில் ஓட்டுவதற்கான லைசென்சும் வாங்கி வைத்திருந்தான். "ஸ்ரீமுஷ்ணம் ரோட்டுல டிராக்டருக்கும் மாட்டுக்கும் நடுவுல ஓட்டுறவன், அங்க ஓட்ட மாட்டேனா?" என்றான். ஒரு வெள்ளைக் காரை வாடகைக்கு எடுத்தான். ஸ்டியரிங் இடது பக்கம். திரும்புவதற்கு இண்டிகேட்டர் போட்டால் மழையே இல்லாத ஊரில் வைப்பர் ஆடியது. அதற்கு யாரும் அவனைக் கேலி செய்யவில்லை.

"மாப்ளே, முன்னாடி வந்து குந்துங்க. உங்க ஊரு, நீங்கதான் வழி சொல்லணும்" என்றான். என் புருஷன் அன்றைக்கு லீவு போட்டுவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். கடலுக்குப் போகலாம் என்று கிளம்பினோம்.

ஒரு ரவுண்டானா வந்தது. "எந்தப் பக்கம் மாப்ளே?"

"இப்படியே நேரா போனா வரும்னு நெனைக்கிறேன் மச்சான்."

நேராகப் போனோம். கேஸ் சிலிண்டர் அடுக்கியிருந்த ஒரு குடோன் கேட்டில் ரோடு முடிந்தது. உள்ளேயிருந்து ஒருத்தர் கையை ஆட்டித் திரும்பிப் போகச் சொன்னார். அண்ணன் போனை எடுத்து ஸ்டாண்டில் மாட்டி ஜிபிஎஸ் போட்டான். அது தமிழில் பேசியது. முந்நூறு மீட்டரில் வலதுபுறம் திரும்பவும் என்று ஒரு பெண் குரல். அது சொன்னபடி போனோம், கடல் வந்துவிட்டது.

"இந்த ஊருக்கே வராத பொம்பள, கரெக்டா கொண்டாந்து வுட்டுட்டா. நீங்க இத்தினி வருஷமா இங்க என்னதான் பண்றீங்க மாப்ளே?" என்றான்.

அண்ணி சிரித்தாள். நானும் சிரித்தேன். என் புருஷனும் கூடவே சிரித்தார். அதை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

அண்ணன் அதோடு விட்டிருக்கலாம். கடலிலிருந்து கிளம்பும்போது, "உங்க ரூமையும் ஒரு எட்டு பார்த்துட்டுப் போவோம்" என்றான். இவர் வேண்டாம் என்றார். தூரம் என்றார், ரூமில் ஆட்கள் தூங்குவார்கள் என்றார். இவன் கேட்கவில்லை. "அட்ரஸ் சொல்லுங்க, போடுறேன்."

அட்ரஸ் இவருக்குத் தெரியவில்லை. கம்பெனி பேரைப் போடச் சொன்னார். போட்டால், கண்ணாடிக் கட்டடத்தில் இருக்கிற ஆபீஸைக் காட்டியது. இவர் தங்குவது அங்கே இல்லை, ஊருக்கு வெளியே. சுமாராக ஒரு இடத்தைச் சொல்ல, ஜிபிஎஸ் எங்களை வெறும் மணலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சுற்ற வைத்தது. பொழுது இறங்கிவிட்டது.

அப்போதுதான் ஒரு பஸ்ஸு எங்களைத் தாண்டிப் போனது. ஜன்னலுக்கெல்லாம் கம்பி வலை. உள்ளே வரிசையாகத் தலைகள், எல்லாம் கண்ணாடியில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தன.

"மச்சான், அது எங்க பஸ்ஸு. அது பின்னாடியே போங்க."

அதன் பின்னாலேயே போனோம். அப்புறம்தான் என் புருஷன் வழி சொல்ல ஆரம்பித்தார். ஆனால் ரோட்டைப் பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பி, வலது பக்க ஜன்னலையே பார்த்துக்கொண்டு சொன்னார். "இப்ப நீளமா ஒரு செவரு வரும்." வந்தது. "அது முடிஞ்சதும் டயரு கடை, ரெண்டு டியூப்லைட்டு எரியும்." எரிந்தது. "அப்புறம் பள்ளிவாசல் விளக்கு. பச்சையா."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. விடிவதற்கு முன்னால் அந்த பஸ்ஸில் ஏற்றிப் போகிறார்கள், இருட்டினதும் கொண்டுவந்து விடுகிறார்கள். பஸ்ஸில் இவருக்கு ஜன்னல் சீட்டு, வலது பக்கம். இத்தனை வருஷமாக அந்த ஊரை இவர் பக்கவாட்டில் மட்டும்தான் பார்த்திருக்கிறார், அதுவும் விளக்கு வெளிச்சத்தில். நேராகப் பார்த்தால், பகலில் பார்த்தால், அது இவருக்கு வேறு ஊர். நான் இங்கே ஷார்ஜா ஷார்ஜா என்று பீற்றிக்கொண்டது அந்த ஜன்னலைத்தான்.

பஸ் ஒரு பெரிய கேட்டுக்குள் போனது. பொம்பளைகள் உள்ளே வரக்கூடாது என்று காவலாளி தடுத்தான். அண்ணியும் நானும் காரிலேயே இருந்தோம். அண்ணனும் என் புருஷனும் உள்ளே போனார்கள்.

திரும்பி வந்ததும் அண்ணன் காரில் இருந்த தண்ணி பாட்டிலை எடுத்து முகத்தைக் கழுவினான். "என்னண்ணே, ரூமு எப்படி இருக்குது?" என்று கேட்டேன். "ம்" என்றான். திரும்பும் வழியெல்லாம் ஜிபிஎஸ் பொம்பளை மட்டும்தான் பேசினாள். ராத்திரி ஹோட்டலில் அவன் சாப்பிடவும் இல்லை. என் புருஷனைக் கேட்டேன். "தூங்குற எடம்தானே, வுடு" என்றார்.

இப்போது அவர் விசாவை முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிட்டார். வந்த புதிதில் சேத்தியாத்தோப்பில் சொந்தக்காரர் வூட்டுக் கல்யாணத்து வலிமா விருந்துக்குப் போனோம். ஆம்பளைகள் பக்கத்துக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு துணித் திரைதான். அண்ணன் குரல் எனக்கு நன்றாகக் கேட்டது. கேஸ் குடோன், ரோடு முடிந்தது, ஜிபிஎஸ் பொம்பளை எல்லாம் சொன்னான். பெண் குரலை மாற்றிப் பேசியும் காட்டினான். அந்தப் பக்கம் அப்படி ஒரு சிரிப்பு. என் புருஷனும் அங்கேதான் தட்டு முன்னால் உட்கார்ந்திருந்தார். கடல் வந்ததோடு கதையை முடித்துக்கொண்டான். பஸ்ஸைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கேட்டைப் பற்றி இல்லை.

அன்றிலிருந்து இவருக்கு 'ஜிபிஎஸ் பாய்' என்று பேர். டீக்கடையில், "பாய், பஸ் ஸ்டாண்டுக்கு எப்படிப் போவணும், கொஞ்சம் சொல்லுங்க பாய்" என்கிறார்கள். இவர் டீக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார். வெள்ளிக்கிழமை தொழுகைக்கு இங்கே பெரிய பள்ளிவாசலை விட்டுவிட்டு, கருவேப்பிலங்குறிச்சி பக்கம் பஸ் ஏறிப் போகிறார். சொந்த ஊரில் தலையைக் குனிந்துகொண்டு நடக்கிறார். அதைப் பார்க்கும்போது எனக்குத்தான் அவமானமாக இருக்கிறது. நான் அவன் தங்கச்சி. இவர் எங்கே படுத்தார், எப்படிப் படுத்தார் என்று இன்றுவரை தெரியாத பொண்டாட்டி.

வருகிற மாசம் அண்ணன் மகளுக்கு நிக்காஹ். பத்திரிகை வைக்க வந்தான். "நீ போயிட்டு வா" என்று என்னிடம் சொல்லிவிட்டு இவர் கொல்லைப் பக்கம் எழுந்து போய்விட்டார். அவர் வராமல் நான் வர மாட்டேன்.

அண்ணே, எனக்குத் தனியாக வந்து சமாதானம் சொல்லாதே. சேத்தியாத்தோப்பில் சிரித்தவர்கள் அத்தனை பேரையும் நிக்காஹுக்குக் கூப்பிட்டிருக்கிறாய். பள்ளிவாசல் ஜமாத்தும் வரும். சாப்பாடு போடுவதற்கு முன்னால் மைக்கை வாங்கி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பதில் சொல். அந்தக் கேட்டுக்குள் போய் நீ என்ன பார்த்தாய்?